ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை வீட்டு நாயாக வளர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியரை வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘ஸ்டாஃபி’ என்பார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் வளராத நாய்தான். ஆனால் நெஞ்சிலும் தோளிலும் இருக்கும் சதை, வாரைப் பிடித்திருப்பவரைச் சாய்த்துவிடும். இந்த நாயை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வளர்ந்த ஸ்டாஃபியைப் பலத்தால் அடக்க முடியாது. 4 கிலோ குட்டியாக இருக்கும்போது என்ன பழக்கினோமோ அதுதான் 16 கிலோவிலும் நம் கையில் இருக்கும்.

இதுவும் பிட்புல்லும் ஒன்றுதானே?

இல்லை, ஆனால் பங்காளிகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பழைய புல்டாக்கையும் டெரியரையும் கலந்து ஒரு நாயை உருவாக்கினார்கள். காளை மீது நாயை ஏவும் விளையாட்டை 1835-இல் சட்டம் தடைசெய்த பிறகு, இந்தக் கலப்பு நாய்களை ஒளிவுமறைவாகச் சண்டைக்கு விட்டார்கள். சுரங்கமும் இரும்புப் பட்டறையும் நிறைந்த ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்துத் தொழிலாளர்கள் வளர்த்த கிளைக்குத்தான் இந்தப் பெயர் நிலைத்தது. 1935-இல், நாயினங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டன் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக அங்கீகரித்தது. அதே மூதாதையர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இன்னும் பெரிதாக வளர்த்தபோது பிட்புல்லும் அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியரும் வந்தன.

அளவு வைத்துப் பிரித்துப் பார்ப்பது எளிது. ஸ்டாஃபி 36 முதல் 41 செ.மீ. உயரம் இருக்கும். ஆண் 13 முதல் 17 கிலோ, பெண் 11 முதல் 15 கிலோ. அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஆண் 25 கிலோவைத் தாண்டும். முட்டை வடிவ முகம் இருந்தால் அது புல் டெரியர், வேறு இனம். ‘ஸ்டாஃபி’ என்று சொல்லி 25 கிலோ நாயைக் காட்டினால், அது கலப்பாகவோ வேறு இனமாகவோதான் இருக்கும். இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் சில நாடுகளின் சட்டம் இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவருமா?

மனிதர்கள் மீது இவ்வளவு ஒட்டுதலாக இருக்கும் நாயினங்கள் குறைவு. இனத்தின் தர வரையறையிலேயே குழந்தைகளிடம் பிரியமானது என்று எழுதியிருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அதை வைத்து ‘ஆயா நாய்’, ‘குழந்தையை நம்பி விட்டுவிட்டுப் போகலாம்’ என்றெல்லாம் பரவும் பேச்சை நம்பாதீர்கள். எந்த இன நாயையும் சின்னக் குழந்தையோடு தனியே விடக்கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட.

ஸ்டாஃபி வீட்டில் குழந்தைக்கு அடிபடுவது பெரும்பாலும் சந்தோஷத்தால்தான். தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தை நக்க நாய் கீழிருந்து தலையைத் தூக்கும். அந்த மண்டை செங்கல் மாதிரி. குழந்தையின் தாடையில் மோதினால் உதடு கிழியும். ஓடிவந்து திரும்பும்போது இடுப்பால் இடித்து இரண்டு வயதுப் பிள்ளையைத் தள்ளிவிடும். பிள்ளை கையில் பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அந்தக் கை சரியாக நாயின் வாய் உயரத்தில் இருக்கும். அதனால் சில ஏற்பாடுகள் வேண்டும்:

குழந்தை சாப்பிடும் நேரத்தில் நாய் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். நாய் தூங்கும் இடத்துக்குக் குழந்தை போகக்கூடாது. நாய் சாப்பிடும்போதும் எதையாவது கடித்துக்கொண்டிருக்கும்போதும் தொடக்கூடாது. கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைப்பதைக் குழந்தைக்குப் பழக்கவே வேண்டாம். தடவ வேண்டுமானால் மூன்று எண்ணும்வரை தடவிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். நாய் மறுபடி நெருங்கி வந்தால் தொடரலாம், நகர்ந்துவிட்டால் அத்தோடு நிறுத்த வேண்டும்.

நாய் பிடிக்கவில்லை என்பதை முதலில் அமைதியாகத்தான் சொல்லும். முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும். இதையெல்லாம் தாண்டித்தான் உடம்பு விறைத்து உறுமும். உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடித்தால் உறுமலைத்தான் நிறுத்தும். பிடிக்காத விஷயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் வரும்.

கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளுமாமே?

பூட்டு எதுவும் இல்லை. தாடை எலும்பும் மூட்டும் மற்ற நாய்களுடையவை போலத்தான். விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும் குணம் பரம்பரையில் வந்தது. கயிறு இழுக்கும் விளையாட்டில் அதைக் கண்ணாரப் பார்க்கலாம். அதனால்தான் ‘விடு’ என்ற சொல்லைக் குட்டியிலேயே பழக்க வேண்டும். பொம்மை வாயில் இருக்கும்போது மூக்கருகே ஒரு தின்பண்டத் துண்டைக் காட்டி, வாய் திறந்ததும் ‘விடு’ சொல்லிக் கொடுங்கள். பிறகு அந்தப் பொம்மையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் திரும்பக் கிடைக்கும் என்று புரிந்துகொண்ட நாய் எதையும் எளிதாக விடும்.

மற்ற நாய்களோடு சேருமா?

இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆறு மாதக் குட்டி பார்க்கிற நாயோடெல்லாம் உருண்டு விளையாடும். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் முதிர்ச்சி வரும்போது அதே நாய், முறைக்கும் நாயைப் பொறுத்துக்கொள்ளாது. எல்லா ஸ்டாஃபியும் இப்படி மாறும் என்றில்லை. ஆனால் மாறினால் ஆச்சரியப்படக் கூடாது. முன்னோர்களை எதற்காக வளர்த்தார்கள் என்பதை ஒரு தலைமுறை அன்பில் அழித்துவிட முடியாது.

குட்டியின் 3 முதல் 14 வாரம் வரையான காலம் பொன்னானது. அந்த வயதில் அமைதியான, தடுப்பூசி போட்ட, வளர்ந்த நாய்களைப் பார்த்துப் பழகட்டும். பார்க்கிற ஒவ்வொரு நாயோடும் விளையாட விடாதீர்கள். நாயைப் பார்த்தும் கண்டுகொள்ளாமல் உங்களோடு நடப்பதுதான் நீங்கள் பழக்க வேண்டியது. வளர்ந்த பிறகு, வேலியில்லாத இடத்தில் வாரை அவிழ்க்க வேண்டாம். ஒரே பாலினத்தில் இரண்டு ஸ்டாஃபிகளை ஒரு வீட்டில் வைப்பதைத் தவிருங்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்குவது இன்னும் சிக்கல்.

எதிரே வரும் நாயைப் பார்த்ததும் உங்கள் நாயின் வாய் சட்டென்று மூடி, காது முன்னுக்கு வந்து, வால் கம்பாக நின்று, எடை முன்னங்கால் விரல்களுக்கு மாறினால், உங்களுக்கு இரண்டு மூன்று வினாடிதான் இருக்கிறது. வாரை இறுக்கிப் பிடித்து நிற்காதீர்கள், அது தீயில் எண்ணெய். உற்சாகமான குரலில் கூப்பிட்டுக்கொண்டே வந்த வழியில் திரும்பி நடங்கள்.

சண்டை மூண்டுவிட்டால் எப்படிப் பிரிப்பது?

கத்துவதும் அடிப்பதும் சண்டையை வளர்க்கும். முகத்துக்கு நடுவே கையை விட்டால் உங்கள் கைதான் கிழியும். இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைக்குக் கீழே பிடித்துத் தள்ளுவண்டி மாதிரி தூக்கி, பல் பதிந்திருக்கவில்லை என்றால் பின்னோக்கி வளைவாக நகருங்கள். பல் பதிந்திருந்தால் இழுக்கவே கூடாது. இழுத்தால் சதை கிழியும். நாயைப் பின்னாலிருந்து கால்களுக்கிடையில் இறுக்கி நிறுத்தி, கழுத்துப்பட்டையைப் பிடித்து மேல்நோக்கி இறுக்குங்கள். மூச்சுக்காக வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் விலக்கி, ஒன்றை ஒன்று பார்க்க முடியாத இடத்தில் அடையுங்கள்.

வெளியே சின்ன ஓட்டை மாதிரி தெரியும் பல் காயத்துக்கு உள்ளே தோலும் சதையும் பிரிந்திருக்கும். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்குப் பல் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்காக உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பூனை, முயல் இருக்கிறதே?

குட்டியிலிருந்தே கூட வளர்ந்த பூனையை ஏற்றுக்கொள்ளும். தெருவில் ஓடும் பூனையை அப்படி எண்ணாது. முயல், வெள்ளெலி, கோழி இருக்கும் வீட்டில் கதவு ஒன்று போதாது, இரண்டு வேண்டும்.

குட்டி வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

தாய் நாயைக் கட்டாயம் பாருங்கள். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அந்நியரைப் பார்த்து ஒளியும் தாயும், பாயும் தாயும் குட்டியின் குணத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். 8 வாரத்துக்கு முன் குட்டியைப் பிரித்து எடுக்காதீர்கள். கடியின் அழுத்தத்தை அடக்கிக்கொள்ளப் பழகுவது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான்.

அடுத்து டிஎன்ஏ பரிசோதனை முடிவு. இந்த இனத்தில் இரண்டு பரம்பரை நோய்களுக்குப் பரிசோதனை உண்டு. எல்-2-ஹெச்ஜிஏ என்பது உடலின் வேதிமாற்றக் கோளாறு, மூளையைப் பாதிக்கும். தள்ளாட்டம், நடுக்கம், ஓடிய பிறகு தசை விறைப்பு, வலிப்பு எல்லாம் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் தலைகாட்டும். ஹெச்சி எனப்படும் பரம்பரைக் கண்புரை, குட்டி பிறந்த சில மாதங்களில் தொடங்கி இரண்டு மூன்று வயதுக்குள் இரண்டு கண்ணையும் மறைத்துவிடும்.

இரண்டுமே ஒடுங்கிய மரபணுவால் வருபவை. அதாவது தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் கோளாறுள்ள மரபணு வந்தால்தான் நோய். கோளாறைச் சுமக்கும் நாயும் சுமக்கும் நாயும் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் குட்டிகளில் ஒன்றுக்குக்கூட நோய் வராது. ‘தாய் தகப்பன் இரண்டும் ஆரோக்கியமாகத்தான் இருக்கின்றன’ என்ற பதில் இதனால்தான் செல்லாது. சுமக்கும் நாய் வெளியில் ஆரோக்கியமாகத்தான் தெரியும். இரண்டின் காகிதத்தையும் கேளுங்கள். பிறவிக் கண் குறைபாடுகளுக்கு டிஎன்ஏ பரிசோதனை போதாது. குட்டிகளைக் கண் நிபுணர் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.

நீல நிறக் குட்டி அபூர்வம் என்று கூடுதல் விலை சொல்கிறார்களே?

நீலம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிறம்தான், தனிச் சிறப்பு எதுவும் இல்லை. நிறமியை மங்கலாக்கும் மரபணுவால் வருவது அது. அந்த நிறத்தில் சில நாய்களுக்கு முடி கொட்டித் தோல் செதிலாகும் குறைபாடு வரும். நிறத்துக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தைப் பரிசோதனை செய்த பெற்றோருக்குக் கொடுங்கள்.

வாரில் கட்டினால் என்னையே இழுத்துக்கொண்டு போகிறது. என்ன செய்வது?

முதலில் கருவியை மாற்றுங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியைத் தூக்கிப் போடுங்கள். நாய் அதையும் மீறி இழுக்கும், மூச்சுக்குழல் நசுங்கி இருமும், வெறி கூடும். நெஞ்சின் முன்பக்கம் ஒரு வளையம் உள்ள ஒய் வடிவ ஹார்னெஸ் (கழுத்துக்குப் பதிலாக உடம்பில் மாட்டும் பட்டை) வாங்குங்கள். ஸ்டாஃபிக்கு நெஞ்சு அகலம், இடுப்பு ஒடுக்கம். அதனால் எடை பார்த்து வாங்கினால் பொருந்தாது. முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து வாங்குங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் உரசினால் ஒரே வாரத்தில் புண் வந்துவிடும். வார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். நீண்டு சுருங்கும் வார் இந்த நாய்க்கு ஆகாது. 5 மீட்டர் ஓடி முழு எடையோடு நிற்கும்போது கைப்பிடி பிடுங்கிக்கொள்ளும்.

பழக்கத்தை வீட்டுக்குள் தொடங்குங்கள். நாய் உங்கள் கால் பக்கம் இருக்கும்போது, உங்கள் கால்சட்டையின் பக்கத் தையல் ஓரமாகக் கையை வைத்துச் சுண்டுவிரல் நகம் அளவுத் தின்பண்டத்தைக் கொடுங்கள். முதல் நாள் ஒவ்வொரு அடிக்கும் ஒன்று. பிறகு மூன்று அடிக்கு, பத்து அடிக்கு. தெருவுக்குப் போனதும் வார் இறுகிய நொடியில் நின்றுவிடுங்கள். நாய் திரும்பிப் பார்த்து வார் தளர்ந்தால் மட்டும் நடங்கள். நாளுக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நிமிடம் போதும். பலருக்கு இது பலிக்காமல் போகக் காரணம், அவசர நாளில் இழுவைக்கு விட்டுக்கொடுப்பது. பத்தில் ஒரு முறை இழுத்துப் பலன் கிடைத்தாலும் நாய் பத்து முறையும் இழுத்துப் பார்க்கும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மேலே பாய்கிறது.

பாய்ந்தால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ‘கீழே இறங்கு’ என்று தள்ளுவதும் நாய்க்கு ஒரு விளையாட்டுத்தான். மணி அடித்ததும் நாயை வாரில் கட்டி, வாரின் நடுவே காலை வைத்து மிதித்துக்கொள்ளுங்கள். நிற்கவும் உட்காரவும் போதுமான நீளம் இருக்கட்டும், எழும்ப மட்டும் முடியாது. வந்தவர் நாயைப் பார்க்காமல் பேசட்டும். நான்கு காலும் தரையில் இருக்கும்போது தரையிலேயே சில தின்பண்டத் துண்டுகளைத் தூவுங்கள். தலை குனிந்த நாய் பாயாது. வீட்டில் ஒருவர் பாய விட்டுக் கொஞ்சுவதும் மற்றவர் திட்டுவதுமாக இருந்தால் எந்த முறையும் பலிக்காது.

எவ்வளவு சாப்பாடு?

15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி. கருத்தடை செய்யாததற்கு 950 வரை. பாக்கெட் உலர் தீவனம் 100 கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆகவே 210 முதல் 240 கிராம், இரண்டு வேளையாக. பையின் பின்னால் அந்த எண் அச்சிட்டிருக்கும், உங்கள் தீவனத்துக்கு நீங்களே கணக்குப் போடுங்கள். கோப்பையால் அள்ளாமல் தராசில் நிறுங்கள். தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பயிற்சி அதிகமான நாளில் தட்டில் குறையுங்கள். குட்டிக்கு மூன்று நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு.

இந்த நாயில் கொழுப்பையும் தசையையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணம். ‘எவ்வளவு கட்டுமஸ்தாக இருக்கிறது’ என்று பாராட்டப்படும் பல ஸ்டாஃபிகள் வெறுமனே குண்டாக இருக்கின்றன. விலா மீது கையை லேசாக ஓட்டுங்கள். கையை மடக்கி முட்டிகளைத் தடவினால் எப்படி இருக்குமோ அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. விரலை விரித்துப் புறங்கையைத் தடவுவது போல எலும்பு தெரிந்தால் சரி. உள்ளங்கையைத் தடவுவது போல மெத்தென்றால் அதிகம். மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும்.

சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, மகடாமியா கொட்டை, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்த மிட்டாயும் சூயிங்கமும் விஷம். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் அப்படியே. பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டையும் நாய்க்குத் தரவே கூடாது.

எவ்வளவு நடக்க வைக்க வேண்டும்?

வளர்ந்த நாய்க்கு நாளுக்கு ஒரு மணி நேரம், காலையும் மாலையுமாகப் பிரித்து. அதோடு பத்து நிமிடம் மூளைக்கு வேலை. தீவனத்தைத் துணியில் சுருட்டிக் கொடுப்பது, அறையில் ஒளித்து வைத்து மோப்பம் பிடிக்கச் சொல்வது போல. பந்தை அரை மணி நேரம் எறிந்துகொண்டே இருந்தால் நாய் அடங்காது, இன்னும் வெறியேறும். ஒரு வயது வரை சோபாவிலிருந்து குதிப்பதும், படிகளில் ஓடுவதும், சைக்கிளோடு ஓடுவதும் வேண்டாம். வளரும் மூட்டு அதைத் தாங்காது.

வெயில் தாங்குமா?

இந்த நாயின் பெரிய பலவீனம் வெயில்தான். மூஞ்சி சற்றுக் குட்டை, உடம்பெல்லாம் தசை, தசை வேலை செய்தால் சூடு. எல்லாவற்றுக்கும் மேலாக, தானாக நிற்கத் தெரியாது. பந்தை எறிந்தால் விழும்வரை ஓடும். நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

நாக்கைப் பாருங்கள். சாதாரண மூச்சிறைப்பில் நாக்கு ஒடுங்கித் தொங்கும். உடம்பு அளவுக்கு மீறிச் சூடாகும்போது நாக்கின் நுனி அகப்பை மாதிரி அகன்று விரியும், கருஞ்சிவப்பாகும். வாயின் இரண்டு ஓரமும் பின்னுக்கு இழுபட்டுக் கடைவாய்ப் பல் தெரியும். எச்சில் கட்டியாக நூல் நூலாக இறங்கும். கூப்பிட்டால் திரும்பாது. தள்ளாட்டமும் வாந்தியும் அடுத்த கட்டம்.

உடனே நிழலுக்குக் கொண்டுபோய் முதலில் குளிரவையுங்கள், பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். இந்த வரிசை முக்கியம். கிடைக்கும் தண்ணீரை உடம்பெங்கும், வயிறும் தொடையிடுக்கும் நனைய ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். தண்ணீர் ஐஸாக இருக்க வேண்டும் என்றில்லை, நாயின் உடம்பைவிடக் குளிர்ந்திருந்தால் போதும். ஈரத் துண்டால் போர்த்தி விட்டுவிடாதீர்கள். அது சூடேறிப் போர்வையாகிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். ஆசனவாய் வெப்பமானி 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். நாய் எழுந்து வாலாட்டினாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாள்தான் தெரியலாம்.

நடக்கப் போகும்முன் புறங்கையைத் தரையில் ஏழு வினாடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்கூட விடாதீர்கள். வெள்ளை நிற நாய்களுக்கு மூக்கு, காது, வயிற்றுத் தோல் வெயிலில் வெந்துபோகும்.

நீந்துமா?

பல ஸ்டாஃபிகளுக்கு வராது. கனத்த தலையும் குறைந்த கொழுப்பும் முன்பக்கத்தை மூழ்கடிக்கும். குளம், தொட்டி, நீச்சல்குளம் இருக்கும் இடத்தில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை போட்டே இறக்குங்கள்.

தனியாக விட்டால் கதவைப் பிறாண்டி ஊரைக் கூட்டுகிறது.

பழிவாங்கவில்லை, பதறுகிறது. எப்போதும் மடியிலேயே கிடக்கும் நாய் தனிமையைக் கற்றுக்கொள்ளவே இல்லை. முதலில் வீட்டுக்குள்ளேயே ஒரு கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நீங்கள் கண்ணில் படும்படி, கடிக்க ஏதாவது கொடுத்துப் பழக்குங்கள். பிறகு கதவைத் திறந்து மூடுவது மட்டும். பிறகு வெளியே 10 வினாடி, 30 வினாடி, 20 வினாடி, ஒரு நிமிடம், 40 வினாடி என்று ஏறியும் இறங்கியும். நேரம் கூடிக்கொண்டே போனால் நாய் அதையே எதிர்பார்த்துப் பதறும். பழைய கைபேசியின் கேமராவை ஓடவிட்டுப் பாருங்கள். நடமாட்டம், ஊளை, எச்சில் வடிதல் தொடங்கும் முன் திரும்புங்கள், அழத் தொடங்கிய பிறகல்ல. பதறாமல் 40 நிமிடம் இருக்கப் பழகிய நாய்க்கு அதற்கு மேல் கூட்டுவது எளிது. எப்படிப் பழகினாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தினமும் தனியே விட வேண்டிய வீடு என்றால் இந்த இனம் வேண்டாம்.

கிடைத்ததையெல்லாம் கடித்துக் குதறுகிறது.

நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கின்றன, ஈறு குடையும். அதன் பிறகும் கடிப்பது இந்த நாய்க்கு ஒரு தேவை. கெட்டியான ரப்பர் பொம்மையை, அதன் தாடைக்குள் முழுதாக நுழையாத அளவில் கொடுங்கள். நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதியும் பொருளே பாதுகாப்பு. பதியாத எலும்பும் கொம்பும் கடைவாய்ப் பல்லைப் பிளக்கும். சத்தம் போடும் மெல்லிய பொம்மை பத்து நிமிடம் தாங்காது. விசிலை விழுங்கிக் குடல் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான். தொடர்ந்து வாந்தி, சாப்பிட மறுப்பு, மலம் வராமை மூன்றும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள்.

எப்போதும் சொறிகிறது. தோல் நோயா?

ஒவ்வாமை இந்த இனத்தில் அதிகம். பாதத்தை நக்கி நக்கி முடி செம்பழுப்பாவது, காது திரும்பத் திரும்பச் சீழ் வைப்பது, வயிறும் அக்குளும் சிவப்பது அதன் அடையாளம். முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தைத் தவறாமல் போட்டு அதை விலக்குங்கள். அடுத்து உணவா என்று பார்க்க, இதுவரை தின்றிராத ஒரே ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண். முடி வட்டவட்டமாகக் கொட்டும் குட்டிக்கு டெமோடெக்ஸ் சிற்றுண்ணி இருக்கலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும்.

தோலில் கட்டி எது வந்தாலும் ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாஸ்ட் செல் புற்றுக்கட்டிக்கு இந்த நாய்கள் ஆளாவது அதிகம். அது கொசுக்கடி மாதிரிகூட இருக்கும், வீங்கி வற்றும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது சில நிமிட வேலை.

தடுப்பூசி, குடற்புழு மருந்து?

6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் முடியும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் பார்வோ, டிஸ்டெம்பர், ஹெபடைடிஸ் ஆகிய தொற்றுநோய்களுக்கான ஊசி. 16 வாரத்துக்கு முன் நிறுத்தினால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம். வெறிநாய்க்கடி ஊசி 12 வாரத்துக்கு மேல். குடற்புழு மருந்து 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒன்று, ஆறு மாதம் வரை மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று.

வலியே தெரியாத நாயாமே?

வலி தெரியும், காட்டிக்கொள்ளாது. பின்முழங்காலில் தசைநார் அறுந்த ஸ்டாஃபி, வாலாட்டிக்கொண்டே மூன்று காலில் ஓடிவரும். அதனால் அலறலுக்குக் காத்திருக்காதீர்கள். உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டுவது, வழக்கமான சோபாவில் ஏறத் தயங்குவது, ஒரு தொடை மற்றதைவிட மெலிவது, காரணமில்லாமல் எரிச்சல்படுவது, இவையெல்லாம் வலியின் பேச்சு. அமைதியான நாய் திடீரென்று உறுமத் தொடங்கினால் பயிற்சியாளருக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

காவலுக்கு ஆகுமா?

தோற்றத்தைப் பார்த்து ஆள் பயப்படலாம். நாயோ வந்தவரிடம் வயிற்றைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். திருடினால் எளிதில் போய்விடும் நாய்களில் இதுவும் ஒன்று, மைக்ரோசிப் போட்டு வையுங்கள். காவலுக்கென்று முரட்டுத்தனம் பழக்குவது குழந்தை இருக்கும் வீட்டில் மன்னிக்க முடியாத தவறு.

சட்டம் ஏதாவது தடுக்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 1991 சட்டம் பிட்புல் டெரியர் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது. 2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய புல் வகை நாயை வைத்திருப்பது குற்றம். ஸ்டாஃபி அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியோ 2001-இலிருந்து ஸ்டாஃபியையும் சேர்த்தே நாட்டுக்குள் கொண்டுவரத் தடை விதித்திருக்கிறது. உள்ளாட்சி விதி, வாடகை ஒப்பந்தம், குடியிருப்புச் சங்க விதி மூன்றையும் குட்டி வாங்கும் முன் படியுங்கள். இனப் பதிவுச் சான்றும் சிப் எண்ணும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். விமான நிறுவனங்கள் சில, மூஞ்சி குட்டையான நாய்களையும் புல் வகை நாய்களையும் ஏற்றுவதில்லை.

எத்தனை வருடம் வாழும்? வயதானால் என்ன செய்ய வேண்டும்?

12 முதல் 14 வருடம். குட்டியைத் தூக்கிவரும் அன்றே அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 8 வயதிலிருந்து ஆண்டுக்கு இரு முறை பரிசோதனை, ரத்தமும் சிறுநீரும் சேர்த்து. வழுக்கும் தரையில் அது நடக்கும் பாதை முழுக்க ரப்பர் விரிப்புப் போடுங்கள். பின்னங்கால் வழுக்கிப் பிளந்து விழுவதுதான் கிழ ஸ்டாஃபிக்குப் பெரிய பயம். நகத்தை மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டுங்கள், நீண்ட நகம் பாதத்தின் பிடியைக் கெடுக்கும். மெத்தையைச் சுவரோரம், வீட்டார் உட்காரும் அறையிலேயே போடுங்கள். காது மந்தமான பிறகும் உங்கள் காலடி அதிர்வை அது தரையில் உணரும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல், மெத்தையருகே தரையை இரண்டு முறை தட்டுங்கள்.